பால்மரக் காட்டில் தலைவிளக்கு



பால்மரத் தொழிலாளியின் கருவிகள் எவை என்று கேட்டால் உளி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நெற்றியில் கட்டும் விளக்கைச் சொல்ல மறந்துபோவார்கள். அந்த விளக்கு எங்கிருந்து வந்தது, எப்படியெல்லாம் மாறியது, இன்று கடையில் ஒன்றை வாங்கப் போகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை இன்றைய உரையில் கூற விரும்புகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். நம் நாட்டுக் கடிகாரம் கிழக்கே வெகு தொலைவில் உள்ள தீர்க்கரேகை ஒன்றுக்குப் பொருத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கெடாவோ மேற்குக் கோடியில் கிடக்கிறது. ஆகவே சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் சூரியன் எழுவதற்கு 7 மணி ஆகிவிடும். ஜனவரி மாதக் கடைசியில் 7.30 மணிக்கும் மேலாகும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அதற்கு முன் 6.30 மணி வாக்கிலேயே விடிந்துவிடும். இன்னும் பின்னே போனால், 1942இல் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைப் புகுத்தியபோது, பொழுது விடிவதற்குள் கடிகாரம் 8 மணியைத் தொட்டிருக்கும். துரைமார் மாறினார்கள், கடிகாரம் மாறியது. பால்மரம் மட்டும் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பெரட்டுக்கு வந்து, மரத்தின் நேரத்துக்கு வேலை செய்ய வேண்டியவர்களாக இருந்தார்கள் நம் மக்கள். இரண்டுக்கும் இடையே கிடந்த இருட்டுக்குத்தான் விளக்கு தேவைப்பட்டது.

மரம் ஏன் இருட்டைக் கேட்கிறது? இரவில் இலைகள் நீரை வெளியே விடுவது மிகவும் குறைவு. வேர் உறிஞ்சிய நீர் மரத்துக்குள்ளேயே தங்கி, பட்டையில் உள்ள பால் குழாய்களை விம்மச் செய்கிறது. விடிவதற்கு முன் அந்தக் குழாய்களில் இருக்கும் அழுத்தம் 10 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும் என்று ஆய்வாளர்கள் அளந்து கூறியிருக்கிறார்கள். ஒரு காரின் டயரில் உள்ள காற்றைப் போலப் பல மடங்கு அது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை விடத் தொடங்கும், அழுத்தம் தளரும், அதே மரத்தை அதே உளியால் சீவினாலும் மங்கில் பால் குறையும். பாட்டிமார் ‘வெயில் வந்தால் பால் ஏறிக்கொள்ளும்’ என்று சொல்வதன் பின்னே இருக்கும் விவரம் இதுதான்.

ஆனால் பால் மிகுதியாக வரும் அந்த வேளையில்தான் கண் தெரியாது. இங்கே சங்கடம் எவ்வளவு நுட்பமானது என்பதைப் பாருங்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888இல் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுக்கும் பிரேசில் முறையை விட்டு, ஒரே கோட்டில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்து வரும் முறையை 1890களில் நிலைநாட்டினார். அதன்படி ஒருமுறை எடுக்கும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே மரத்தை ஒட்டிச் சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பதும் அந்த உட்புறத்தில்தான். பயந்து மேலாகச் சீவினால் பால் வராது. துணிந்து ஆழமாகச் சீவினால் பட்டையை வளர்க்கும் உயிர்த்தோல் காயம்படும். காயம் பட்ட இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது உளி ஓடாது. நானூறு, ஐந்நூறு மரம் கொண்ட நிரையில் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைப்பது அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம். ஒரு மில்லிமீட்டரைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டும். இரண்டு கைகளும் உளியில் இருக்க வேண்டும். தலைவிளக்கிடம் தொழிலாளி கேட்டது இதைத்தான்.

வழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. வெளிச்சம் வந்த பிறகே உளி வைக்க வேண்டும் என்று கண்டிப்புச் செய்த தோட்டங்களில், விளக்கு தீம்பாருக்கு நடந்து போவதற்கு மட்டும் பயன்பட்டது. சிறுதோட்டங்களில் சீவுகிறவர்கள் இருட்டிலேயே தொடங்கிவிடுவார்கள். கெடாவின் எல்லையைத் தாண்டித் தென் தாய்லாந்துக்குப் போனால், நள்ளிரவு கழிந்து 1 மணிக்கும் 2 மணிக்கும் மரக்காட்டில் நெற்றி விளக்குகள் நடமாடுவதைக் காணலாம்.

போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு எல்லார் வீட்டிலும் இருந்தது. வழி நடக்க அது போதும். மரம் சீவ அதைக் கீழே வைத்தால் தன் நிழலே கோட்டின்மேல் விழும். கையில் பிடித்தால் உளிக்குக் கையில்லை. இந்தத் தொல்லையை நமக்கு முன்பே அனுபவித்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்கள் மெழுகுவர்த்தியைத் தொப்பியில் ஒட்டினார்கள். பிறகு சிறு எண்ணெய் விளக்கைத் தொப்பியில் கொக்கி போட்டு மாட்டினார்கள். பால்மரத் தொழிலாளியின் விளக்கு சுரங்கத்திலிருந்து கடன் வாங்கியது என்று சொன்னால் தவறில்லை.

அந்தக் கடனில் முக்கியமானது கார்பைட் விளக்கு. அதன் கதை சுவையானது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1815இல் பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஹம்ப்ரி டேவி. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் எட்மண்ட் டேவி, 1836இல் மிகப் பிரகாசமாக எரியும் புதிய வாயு ஒன்றைக் கண்டார். அதுதான் அசிட்டிலின். ஆனால் அதை மலிவாகச் செய்ய வழியில்லாமல் அரை நூற்றாண்டு போயிற்று. 1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்ற கனடாக்காரர், வேறு உலோகம் ஒன்றை எடுக்கும் முயற்சியில் சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் போட்டுச் சூடேற்றினார். வந்தது அவர் தேடிய பொருளன்று; கருத்த கல் போன்ற ஒரு கட்டி. அதில் தண்ணீர் பட்டதும் வாயு பொங்கியது. நெருப்பு வைத்தால் அது எரிந்தது. அந்தக் கல்லே கார்பைட். அதே ஆண்டில் பிரான்சில் ஆன்றி மொய்சானும் தனியாக அதைச் செய்து காட்டினார். 1900இல் நியூயார்க்கின் பிரெடரிக் பால்ட்வின் கையடக்கமான கார்பைட் விளக்குக்கு உரிமம் பெற்றார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுரங்கத் தொப்பி, மிதிவண்டி, மோட்டார் கார் என்று எங்கும் அந்த விளக்கே எரிந்தது. முதல் ஃபோர்டு மாடல் டி கார்களின் முன் விளக்குகளும் அசிட்டிலின்தான். நம் தோட்டங்கள் பெருகியதும் அந்தக் காலத்திலேயே. 1909இல் சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷார் கைக்கு வந்த பிறகு கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் வேகமாக ரப்பர் தோட்டங்களாக மாறின.

அந்த விளக்கைக் கண்டிராத பிள்ளைகளுக்காக அதன் அமைப்பைச் சொல்கிறேன். அதில் இரண்டு அறைகள். கீழே கார்பைட் கட்டிகள், மேலே தண்ணீர். நடுவே ஒரு திருகு. திருகைச் சற்றே திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கார்பைட்மேல் விழும். வாயு எழும்பி, ஊசித் துளை போன்ற மூக்கு வழியே வந்து எரியும். பின்னால் தட்டு போன்ற ஒரு பளபளப்பான தகடு. சிறிய வகையை நெற்றியிலேயே மாட்டலாம். மரம் சீவுகிறவர்களிடம் இருந்த மற்றொரு வகையில், டப்பா இடுப்பில் தொங்கும்; ஒரு ரப்பர்க் குழாய் முதுகு வழியாக ஏறித் தலையில் உள்ள மூக்குக்கு வாயுவைக் கொண்டுபோகும். தலைக்குப் பாரமில்லை. ஒருமுறை போட்ட கார்பைட் மூன்று, நான்கு மணி நேரம் எரியும். விடிகிறவரைக்கும் அது போதும்.

அந்த விளக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இன்றைய விளக்கு பலவற்றுக்கு அது இல்லை. அது தன் நிலையைச் சொல்லிவிடும். தண்ணீர் மிகுந்தால் சுடர் நீளும், குறைந்தால் சுருங்கும், கார்பைட் தீரப் போகிறது என்றால் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கும். ஏமாற்றிவிட்டுச் சட்டென்று அணையாது. மூக்குத் துளை அடைத்தால் மெல்லிய கம்பியொன்றால் குத்தி அங்கேயே சரிசெய்யலாம். தண்ணீர் தீர்ந்தால் ஓடையில் அள்ளி ஊற்றலாம். அதன் ஒளி ஒரே குவியலாக விழாமல் கோடு முழுவதும் பரவும். நெருப்பின் ஒளியானபடியால் பட்டையின் சிவப்பும் பழுப்பும் அதனதன் நிறத்தில் தெரியும். உளி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்தே அறிகிற தொழிலாளிக்கு இது பெரிய உதவி.

குறைகளும் கொஞ்சமல்ல. பூண்டு போன்ற நாற்றம், முகத்துக்கு முன்னே திறந்த நெருப்பு, தலைமுடியும் துணியும் கருகும் அபாயம். அசிட்டிலின் வாயு காற்றோடு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே வெடிக்கக் கூடியது. மழைக்காலத்தில் கார்பைட் டப்பாவுக்குள் ஈரம் புகுந்தால் வீட்டுக்குள்ளேயே வாயு சேரும். பெருநாள் காலங்களில் மூங்கிலுக்குள் கார்பைட் போட்டு வெடி விட்ட பிள்ளைகள் விரலையும் கண்ணையும் பறிகொடுத்த செய்திகளைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். அப்பாவின் விளக்குக்கு வாங்கி வைத்த கார்பைட்டைப் பிள்ளைகள் எளிதில் எடுத்துவிடலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, தேங்காயெண்ணெயிலும் செம்பனை எண்ணெயிலும் திரி போட்டு மக்கள் சமாளித்தார்கள். 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை வரை நீடித்த அவசரகாலம் வேறு விதமான இருட்டைக் கொண்டு வந்தது. ஊரடங்கு இருந்த இடங்களில் விடியுமுன் முள்வேலிக்கு வெளியே கால் வைக்க முடியாது. எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும் வாசல் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் வெயில் ஏறிப் பால் குறையும். கெடாவின் பாலிங் நகரில் 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் சந்தித்துப் பேசிய பேச்சு முறிந்தபோது, தொழிலாளர் குடும்பங்களுக்கு விடியற்காலையும் திரும்பக் கிடைக்காமல் போயிற்று.

மின்கல விளக்கின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கையில் பிடிக்கும் டார்ச் லைட் 1890களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் கையில் பிடிப்பதுதான் அதன் கோளாறு. அமெரிக்கச் சுரங்கங்களுக்காக எடிசன், இடுப்பில் பேட்டரியும் தொப்பியில் பல்பும் கொண்ட விளக்கை 1914, 1915ஆம் ஆண்டுகளில் செய்து கொடுத்தார். பாதுகாப்பானது, ஆனால் பேட்டரி நல்ல பாரம், அதற்கு மின்னேற்றும் நிலையமும் வேண்டும். சுரங்கக் கம்பெனிக்கு அது கட்டும். லயத்து வீட்டுக்குக் கட்டாது. உண்மையான மாற்றம் எல்.இ.டி. விளக்கோடு வந்தது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை ஜப்பானியர்களான அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் கைகூடச் செய்தார்கள். அதிலிருந்துதான் வெள்ளை ஒளி பிறந்தது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. குகைகளுக்குள்ளும் மலைகளிலும் போகிறவர்களுக்காக விளக்கு செய்துவந்த பிரான்சின் பெட்சல் நிறுவனம் 2000இல் சிறிய எல்.இ.டி. தலைவிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு சீனத் தயாரிப்புகள் பெருகி, இன்று பசார் மாலாமில் காய்கறிக் கடைக்குப் பக்கத்திலேயே தலைவிளக்கு தொங்குகிறது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். சுரங்கத்துக்கு ஒரு விளக்கு, காருக்கு ஒரு விளக்கு, குகைக்கு ஒரு விளக்கு என்றுதான் செய்தார்கள். நம் தொழிலாளி தமக்கு வந்து சேர்ந்ததைக் கட்டிக்கொண்டார். இன்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெருமைகளும் பிறர் வேலைக்கு உரியவையே. ‘500 மீட்டர் தூரம்’ என்று போட்டிருக்கும். அமெரிக்காவில் 2009இல் வகுத்த எஃப்.எல்.1 என்ற தர அளவின்படி, ஒளி வெறும் நிலா வெளிச்சமாக மங்கிப்போகும் இடம்வரை உள்ள தூரம் அது. மரம் சீவுகிறவருக்கு 500 மீட்டரில் என்ன வேலை? ‘100 மணி நேரம் எரியும்’ என்பதும் அப்படியே. அந்த அளவின்படி, தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரியும் நேரம் முழுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். அந்த அளவைக்கூடப் பின்பற்றாத பெட்டிகளில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சிடலாம்.

கையெட்டும் தூரத்து வேலைக்கு 50 முதல் 100 லூமன் வரை பரவலாக விழும் ஒளி தாராளம் என்பது என் கருத்து. லூமன் என்பது விளக்கு வெளியே விடும் ஒளியின் அளவு. ஒரே புள்ளியில் குவியும் கடும் ஒளி ஈரப் பட்டையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். அதன் ஓரத்தில் உள்ளவை கறுத்துவிடும். கடையில் விளக்கை வானத்தை நோக்கி அடித்துப் பார்க்காதீர்கள். கையை நீட்டி, உள்ளங்கை ரேகை தெளிவாகத் தெரிகிறதா, ஒளி கை முழுவதும் சமமாக விழுகிறதா, தோலின் நிறம் தோலின் நிறமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். நீலம் பாய்ந்த வெள்ளையைவிடச் சற்று மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பொருள் மங்கத் தொடங்கும். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கண்ணாடி. இன்னும் பெரிய விளக்கை வாங்கிப் பயனில்லை.

சீவுவதற்கு ஏற்ற விளக்கு நடப்பதற்கு ஏற்றதாக இருந்துவிடும் என்று எண்ணக் கூடாது. மலாய்க்காரர்கள் ‘உலார் காப்பாக் போடோ’ என்று சொல்லும் விரியன் பாம்பு கெடா, பினாங்கு, பெர்லிஸ் பகுதிகளின் ரப்பர் தோட்டங்களில் வாழ்வது. சருகின் நிறத்தில் சுருண்டு கிடக்கும். ஆள் வருகிற சத்தம் கேட்டாலும் நகராது. 1950களிலும் 1960களிலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், வட மலாயாவின் பாம்புக் கடிகளை ஆராய்ந்தபோது இந்தப் பாம்பையே பெரிதும் எழுதினார். நெற்றி விளக்கு மரத்தை நோக்கியிருக்கும்போது பாதம் இருட்டில் இருக்கும். ஆகவே விளக்கின் தலை கீழ்நோக்கிச் சாயும்படி இருக்க வேண்டும். சாய்த்த இடத்தில் தளராமல் நிற்க வேண்டும். மரம் மாறும்போது ஒரு விரலால் தட்டித் தாழ்த்த முடிய வேண்டும். முழங்கால் அளவு பூட்சுக்கு இது மாற்றன்று.

அடுத்தது பேட்டரி. ஏமாற்று அதிகமாக நடப்பது இங்கேதான். மின்னேற்றும் விளக்குகளில் 18650 என்ற உருண்டைப் பேட்டரி இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிப்பு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த அளவுள்ள நல்ல பேட்டரியே பெரும்பாலும் 3,500 மில்லியாம்பியர்-மணி அளவை ஒட்டி நின்றுவிடும். 9,900 என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல பேட்டரி பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். படுக்கையின்மேல் வைத்து மின்னேற்றாதீர்கள். உப்பிய பேட்டரியையும் கீழே விழுந்து நசுங்கிய பேட்டரியையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுப் போகவும் வேண்டாம். சிறிய உலர் பேட்டரியில் எரியும் விளக்கானால் எந்த மளிகைக் கடையிலும் பேட்டரி கிடைக்கும். நெடுநாள் பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லையேல் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி இருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. மீன் பிடிக்கவும் வெள்ளக் காலத்தில் பயன்படுத்தவும் நினைப்பவர்கள் இரண்டாவதைத் தேடலாம்.

கெடாவில் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் கொடுத்துவிட்டன. பாலிங், சீக் பக்கங்களில் சிறுதோட்டங்கள் பால் தந்துகொண்டிருக்கின்றன. தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிவந்த குடும்பங்களுக்கும் தலைவிளக்கு வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்ற வேளையில் சமைக்கவும், வழியில் பஞ்சரான மோட்டார் சைக்கிளைப் பார்க்கவும், இளைஞர்கள் விடியுமுன் ஜெராய் மலை ஏறவும் அது உதவும். மலையேறுகிறவர்களுக்கு மட்டும் சற்று தூரம் பாயும் ஒளி தேவை. வீட்டு வேலைக்கு மரம் சீவும் விளக்கே போதும்.

பழைய கார்பைட் டப்பா வீட்டுப் பரணில் கிடந்தால், அதை வீட்டுக்குள் திறக்க வேண்டாம். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இல்லாத வெளியிடத்தில், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லித் திறந்து பாருங்கள். கட்டிகள் மீதியிருந்தால் தண்ணீர் படாமல் மூடி, தீயணைப்பு நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். விளக்கின் அடியில் இறுகிப்போயிருக்கும் வெள்ளைப் பொடி நீற்றிய சுண்ணாம்புதான். வாழை மரத்தடியில் கொட்டலாம்.